மலையகத்தில் எந்தப் புற்றுநோய் அதிகம், வைத்தியம் எப்படி நடக்கும்?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அத்தைக்கு நாக்கின் ஓரத்தில் புண் வந்து மாதக் கணக்கில் ஆறவில்லை. சதை எடுத்துச் சோதித்ததில் கான்சர் என்று வந்துவிட்டது. தோட்டத்தில் கான்சர் கூடிவிட்டதா, யாருக்கு எது வருகிறது, அத்தைக்கு என்ன செய்வார்கள், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டுமா, இது பரம்பரையாக வருமா என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். புற்றுநோய் வார்டில் தாதியாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். அத்தையின் ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர் சொல்வதுதான் அவருக்குக் கடைசி வார்த்தை. இது அதைப் புரிந்துகொள்ள உதவினால் போதும்.

கூடிவிட்டதா என்றால், ஆமாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீட்டில், இலங்கையில் ஒரு வருடத்தில் புதிதாக நோய் காணப்பட்டவர்கள் ஏறத்தாழ 29,600 பேர், இறந்தவர்கள் 16,700 பேர் அளவில். ஆனால் அதற்கு முதல் காரணம் தேயிலைக்கு அடிக்கிற மருந்தோ காற்றோ இல்லை, வயது. மலேரியாவிலும் வயிற்றோட்டத்திலும் பிரசவத்திலும் போன உயிர்கள் இப்போது அறுபது, எழுபது வரை இருக்கின்றன. புற்றுநோய் பெரும்பாலும் அந்த வயதுகளில் வருகிற நோய். இன்னொன்று, நம் பாட்டிமார் காலத்தில் "வயித்துல கட்டி", "தொண்டையில சோறு இறங்கல" என்று சொல்லிக்கொண்டே லயத்துக் காம்பிராவில் போய்ச் சேர்ந்தவர்களுக்கு யாரும் சதை எடுத்துப் பார்க்கவில்லை. நோய் அன்றும் இருந்தது, கணக்கில் வரவில்லை.

உலகம் முழுவதும் எடுத்தால் முதலிடம் நுரையீரல் புற்றுநோய்க்கு. 2022இல் புதிதாக வந்த சுமார் 2 கோடிப் பேரில் 25 இலட்சம் பேருக்கு அதுதான். இலங்கை ஆண்களுக்கு அப்படி இல்லை. இங்கே முதலில் நிற்பது வாய்ப் புற்றுநோய். உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், தொண்டை எல்லாம் இதில் சேரும். அதற்குப் பிறகுதான் நுரையீரல், பெருங்குடல், சுக்கிலச் சுரப்பி, உணவுக்குழாய் எல்லாம். பெண்களில் மார்புப் புற்றுநோய் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னே நிற்கிறது, நோய் வரும் பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது. பின்னால் தைரோயிட், பெருங்குடல், கருப்பைக் கழுத்து, சூலகம், கருப்பை என்று வரும்.

மலைநாட்டுக்கு வந்தால் இந்தப் பட்டியலில் ஒரு திருத்தம் போட வேண்டும். வாய்ப் புற்றுநோய் ஆண்களின் நோய் என்ற பேச்சு தோட்டத்தில் எடுபடாது. அத்தைமார், பாட்டிமார் எத்தனை பேர் வெற்றிலை இல்லாமல் மலைக்குப் போகிறார்கள்? காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போகும்போதே வாயில் ஒன்று. குளிருக்கு, பசிக்கு, கொழுந்து நிறுக்கிற வரைக்கும் களைப்புத் தெரியாமல் இருக்க, பேச்சுத் துணைக்கு. கல்யாணத்திலும் சாவிலும் தட்டில் வைத்து நீட்டுவதும் அதுதான். அதைக் கெட்ட பழக்கம் என்று நம் ஆட்கள் நினைப்பதே இல்லை. குடிக்கிற புருசனைத் திட்டுகிற பெண்ணின் கடைவாயிலும் வெற்றிலை இருக்கும்.

புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று அதே ஆராய்ச்சி நிறுவனம் 1985இலேயே உறுதி செய்தது. "நான் போயிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்கிறவர்களுக்கான பதில் 2004இல் வந்தது: புகையிலை இல்லாத வெற்றிலையும், தனிப் பாக்கும், புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற அதே முதல் பிரிவில்தான். பாக்கு செய்கிற வேலை மெதுவானது. கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் நாராகத் தடித்துக்கொண்டே போகும். முதலில் மிளகாய் பட்டால் எரியும். அப்புறம் வாய் முழுதாகத் திறக்காது. மூன்று விரலை நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள், போகாவிட்டால் பல் டொக்டரிடம் போக வேண்டும். இந்த நிலை இன்னும் புற்றுநோய் இல்லை, ஆனால் அதற்குப் போகிற வழிகளில் ஒன்று. பொடியன்மார் கடையில் வாங்கி மெல்லுகிற பாபுல், மாவா எல்லாவற்றிலும் பாக்கு இருக்கிறது. மெல்லுகிற புகையிலைப் பொருட்களின் விற்பனையை அரசாங்கம் 2016இல் தடை செய்தது. தடை இருக்கிறது, பெட்டிக்கடையில் சரக்கும் இருக்கிறது. பீடியும் கசிப்புச் சாராயமும் வெற்றிலையோடு சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. வாயும் மார்பும் கருப்பைக் கழுத்தும் ஸ்கேன் மெஷின் இல்லாமலே பார்க்கக்கூடிய, தொடக்கூடிய இடங்கள். கணையத்தில் வந்தால் கடைசி வரை தெரியாது, அதை விதி என்று விடலாம். நம் பெண்கள் அதிகம் சாகிறது கண்ணுக்குத் தெரிகிற இடத்து நோயில்.

வாயைப் பார்ப்பது எப்படி? வெளிச்சத்தில் உட்கார வைத்து, வாயைக் கொப்புளிக்கச் சொல்லி, போன் டோர்ச்சைப் பிடியுங்கள். கன்னத்தை விரலால் இழுத்து உட்புறம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வெற்றிலை அடக்கி வைக்கிற மடிப்பு, நாக்கைப் பிடித்து வெளியே இழுத்து இரண்டு ஓரமும், நாக்குக்கு அடியில், மேலண்ணம். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரிச் சிவந்த திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், தடிப்பு, காரணமில்லாமல் ஆடுகிற பல், கழுத்தில் நெறி கட்டுவது, இதில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். சிவப்புத் திட்டு வெள்ளையை விட மோசமானது. வலி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஆரம்பத்தில் வலிக்காது, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பூசுகிற மருந்து வாங்கிப் பூசி மாதக் கணக்கில் ஓட்டிவிட்டு, விழுங்க முடியாமல் போனபிறகு வருகிறவர்களைத்தான் வார்டில் நான் அதிகம் பார்த்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குப் போனால் அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். பேராதனைப் பல் வைத்தியசாலை இந்த நோய்க்குப் பேர்போன இடம், நமக்குப் பக்கமும் கூட.

சரி, அத்தையின் விசயம். சதைப் பரிசோதனையில் நோய் என்று வந்ததும் அடுத்த கேள்வி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. சீ.டி. ஸ்கேன் எடுத்து, கட்டியின் அளவு, ஆழம், கழுத்து நெறிகள், தாடை எலும்பு எல்லாவற்றையும் பார்த்து ஒன்றிலிருந்து நான்கு வரை நிலை போடுவார்கள். கட்டி 2 சென்ரிமீற்றருக்குள், ஆழமில்லாமல், நெறி இல்லாமல் இருந்தால் முதல் நிலை. ஒப்பரேஷனோடு முடிந்துவிடக் கூடும், பெரும்பாலானவர்கள் ஐந்து வருடம் தாண்டி நன்றாக இருப்பார்கள். கழுத்துக்கு இறங்கியிருந்தால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஒரே நோய், ஒரே நாக்கு, வந்த நாள்தான் வித்தியாசம். நான்காம் நிலை என்று எழுதியிருந்தாலும் கைகழுவிவிட்டார்கள் என்று எடுக்காதீர்கள். வாயில் வருகிற நோய்க்கு நான்கிலேயே உட்பிரிவுகள் உண்டு, சிலவற்றுக்குக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் வைத்தியம் செய்வார்கள்.

நாக்குக்கு முதல் வைத்தியம் கத்திதான். கட்டியை அதைச் சுற்றி நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள், பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கழுத்து நெறிகளையும் சேர்த்து. நிறைய எடுக்க வேண்டி வந்தால் கையிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ சதை எடுத்து வைத்துத் தைப்பார்கள். பேச்சு கொஞ்சம் மாறும், பழகப் பழகப் பெரும்பகுதி திரும்பும்.

வெட்டி எடுத்ததைச் சோதித்துப் பார்த்து, தேவை என்றால் கதிர்வீச்சு, ஊரில் கரண்ட் என்கிறார்களே அது. ஒப்பரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் பல் கிளினிக்குக்கு அனுப்பி, சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொல்வார்கள். "கான்சருக்கு வந்தா பல்லைப் புடுங்குறாங்க" என்று சண்டை போட வேண்டாம். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிவிடக் கூடும். அப்புறம் முகத்துக்கு அச்சு எடுப்பார்கள். வெந்நீரில் போட்டால் துவளுகிற ஒரு பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்துப் பிடிப்பார்கள், சில நிமிடத்தில் முகத்தின் வடிவத்திலேயே இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் அந்த வலையை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டித்தான் கரண்ட் வைப்பார்கள். தலை அசையாமல் இருக்கத்தான் அது. மூச்சு விடலாம், சத்தம் போடலாம், வெளியே கமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெஷினுக்குள் இருக்கிற நேரம் ஒவ்வொரு நாளும் சில நிமிடம், வலி கிடையாது. இதை முதலே அத்தைக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டிப்போனால் முதல் நாள் பயத்திலேயே எழுந்து வந்துவிடுவார்.

வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம் அளவில் நடக்கும். நோய் நெறியைத் தாண்டி வெளியே வந்திருந்தாலோ வெட்டிய விளிம்பில் மிச்சமிருந்தாலோ கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அதற்கு நிறைய சேலைன் கொடுப்பார்கள், வாந்தி வரும், சிறுநீரகத்தை இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது வாரத்துக்குப் பக்கத்தில் வாய் முழுக்க வெந்து, உமிழ்நீர் வற்றி, கஞ்சியும் இறங்காது. மூக்கு வழியே குழாய் போட வேண்டி வரலாம். இங்கேதான் நம் ஆட்கள் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். பாதியில் ஒரு வாரம் நின்றால் மிச்சமிருக்கிற செல்கள் மறுபடி பெருகத் தொடங்கிவிடும், அதுவரை பட்ட பாட்டின் பலன் குறைந்துவிடும். டொக்டர் சொல்லாமல் நீங்களாக இடையில் நிறுத்தாதீர்கள். வலிக்கு மோர்பின் தந்தால் பயப்படாமல் கொடுங்கள்.

மகரகமவுக்குத்தான் போக வேண்டுமா? அபேக்ஷா வைத்தியசாலை நாட்டின் பெரிய இடம்தான், ஆனால் ஹட்டன் பக்கத்து ஆட்களுக்குக் கண்டி பெரியாஸ்பத்திரியிலேயே புற்றுநோய்ப் பிரிவும் கதிர்வீச்சும் இருக்கிறது. ஊவா பக்கம் என்றால் பதுளை ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். செலவு வருவது பஸ்ஸிலும் சாப்பாட்டிலும், துணைக்குப் போகிறவருக்குப் பேர் போடாமல், அன்றைய சம்பளம் இல்லாமல் போகிற நாட்களிலும்தான், சில நேரம் ஆஸ்பத்திரியில் இல்லாமல் வெளியே வாங்கச் சொல்லும் மருந்திலும். பொகவந்தலாவையிலிருந்து தினமும் போய் வருவது ஆகாத காரியம். ஆறு வாரத்துக்குக் கண்டியில் தங்க என்ன வழி என்று முதல் கிளினிக்கிலேயே வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும், ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவி விண்ணப்பத்தையும் விசாரியுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தலையாட்டிவிட்டு வெளியே வந்து "என்ன சொன்னாரு?" என்று என்னைக் கேட்டவர்கள் ஏராளம். நோயின் வகை, நிலை, வைத்தியத்தின் நோக்கம் குணமாக்குவதா வேதனையைக் குறைப்பதா என்ற மூன்றையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மற்ற நோய்களுக்கு வருகிறேன். மார்பில் வருகிற கட்டி பெரும்பாலும் வலிக்காது. இளம் பெண்களின் கட்டிகளில் அதிகமானவை புற்றுநோயும் இல்லை, ஆனால் அதைச் சொல்ல வேண்டியது ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும்தான், பக்கத்துக் காம்பிரா அக்கா இல்லை. நேரத்தோடு வந்தால் மார்பு முழுதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்க முடியும். சதை ரிப்போர்ட்டில் ஹோர்மோன் ஏற்பிகள் இருக்கின்றன, அதாவது ஹோர்மோனால் வளருகிற வகை என்று வந்தால் அது ஒரு நல்ல செய்தி: டமொக்ஸிபன் போன்ற குளிசையை தினமும் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் போட வேண்டும். ஐந்து வருடம் என்பது நீளம். உடம்பு நன்றாக இருக்கிறதென்று இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டு, எலும்பில் நோயோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. ஹெர்-2 என்ற புரதம் கூடுதலாக இருக்கிற வகை ஐந்தில் ஒருவருக்கோ அதற்குக் கொஞ்சம் குறைவாகவோ வரும். அதற்கு ட்ராஸ்டுசுமாப் என்ற ஊசி, வழக்கமாக ஒரு வருடம். கீமோவில் கொட்டுகிற முடி திரும்ப முளைக்கும். எத்தனை தடவை சொன்னாலும் பெண்கள் அழுவது முடிக்குத்தான், அதைக் கேலி செய்யாதீர்கள்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கிட்டத்தட்ட முழுதாகத் தடுக்கக்கூடியது. எச்.பி.வி. வைரஸ் உள்ளே நுழைந்து பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் நோயாகிறது, அந்த இடைவெளியில் பிடித்துவிடலாம். 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தடுப்பூசி போடுகிறார்கள். கையெழுத்துக் கேட்டுக் கடிதம் வந்தால் போட்டு அனுப்புங்கள், அது பிள்ளை பெறாமல் ஆக்குகிற ஊசி என்பது வீண் கதை. தோட்டத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷன்களை வைத்துப் பழைய பயம் இருக்கிறது, காரணமில்லாமல் இல்லை. ஆனால் இந்த ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 35 வயதிலும் 45 வயதிலும், கருப்பைக் கழுத்தின் செல்களை எடுத்துப் பார்க்கிற பெப் பரிசோதனைக்கு மிட்வைஃப் கூப்பிடுவார். சுகவனிதையர் கிளினிக்கில் பெப் எடுப்பதோடு மார்பையும் பார்ப்பார்கள், பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள். வேலை நாளில் கிளினிக் வைத்தால் பேர் போகும் என்று பெண்கள் வருவதில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் தோட்ட நிர்வாகத்தோடு பேசி அந்த ஒரு நாளை வாங்கித் தந்தால், மேடையில் பேசுவதை விட நூறு மடங்கு பிரயோசனம். மாதவிடாய் நின்றபிறகு இரத்தம் பட்டால் அடுத்த நாளே போக வேண்டும். நோய் முற்றியிருந்தால் கதிர்வீச்சை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் கொடுத்து, கூட சிஸ்பிளாட்டினும் ஏற்றுவார்கள்.

தைரோயிட் புற்றுநோயைக் கேட்டு அதிகம் பயப்பட வேண்டாம். அதன் பொதுவான வகை மெதுவாக வளரும், ஒப்பரேஷனுக்குப் பிறகு தினமும் ஒரு குளிசையோடு முழு ஆயுளும் வாழ்கிறார்கள். மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று முடிவு கட்டாதீர்கள், ஐம்பது தாண்டினவர் என்றால் கட்டாயம் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். சிறுபிள்ளைகளுக்கு அதிகம் வருவது இரத்தப் புற்றுநோய். வைத்தியம் இரண்டு மூன்று வருடம் நீளும், ஆனால் குணமாகிற பிள்ளைகள் நிறைய. நுரையீரல் நோயும் இன்னமும் பெரும்பாலும் நேரம் கழித்தே பிடிபடுகிறது. பீடியோடு, புகை போக வழியில்லாத காம்பிராவில் விறகடுப்பு ஊதுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேயிலைக்கு அடிக்கிற மருந்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். புல்லுக்கு அடிக்கிற கிளைபோசேட்டை 2015இல் உலக சுகாதார அமைப்பின் அந்த ஆராய்ச்சி நிறுவனம் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பிரிவில் வைத்தது. இலங்கையும் அதே வருடம் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையை நீக்கியது. மருந்து அடிக்கிறவர்கள் முகமூடியும் கையுறையும் பூட்ஸும் கேட்டு வாங்குவது அவர்கள் உரிமை. ஆனால் கண்முன்னே இருக்கிற வெற்றிலைப் பையை விட்டுவிட்டு மருந்துப் போத்தலை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தேயிலை குடிப்பதால் கான்சர் வராது. ஆனால் 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு ஆகாது, கோப்பையைக் கொஞ்சம் ஆற விடுங்கள்.

கத்தி பட்டால் பரவும் என்று தோட்டத்தில் யாராவது அத்தையிடம் ஓதியிருப்பார்கள். பரவின பிறகு ஒப்பரேஷனுக்கு வந்தவர்கள் செத்ததைப் பார்த்து வந்த பேச்சு அது. கட்டு அனோதா (முள்ளுச் சீத்தா) இலைக் கஷாயம், யாரோ சாமியார் கொடுக்கிற உருண்டை எல்லாம் வீட்டு வாசலுக்கே வரும். கஷாயம் குடித்தால் ஆஸ்பத்திரிக்கு மறைக்காமல் சொல்லுங்கள், சில இலை வகைகள் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் கீமோவைத் தள்ளிப்போட வைக்கும். அதை நம்பி மூன்று மாதம் காத்திருப்பதுதான் பெரிய நட்டம்.

பரம்பரையா என்ற கேள்விக்கு: அத்தையின் நோய் பெரும்பாலும் தங்கச்சிமாருக்கு இரத்தத்தில் வருவதில்லை, அவர்களும் அதே பையிலிருந்து வெற்றிலை போட்டால் வரக்கூடும். மார்பும் சூலகமும் வேறு. அம்மா, அக்கா, தங்கச்சிக்கு நாற்பது வயதுக்கு முன் மார்பில் வந்திருந்தாலோ, ஒரே குடும்பத்தில் சூலகத்திலும் மார்பிலும் வந்திருந்தாலோ கிளினிக்கில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒட்டுகிற நோயும் இல்லை. அத்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்கு வருகிறவரிடமிருந்து பிள்ளைகளுக்கு எதுவும் பரவாது, மடியில் உட்காரலாம். தம்பி, நீங்களும் பாக்கு மெல்லுகிற ஆளாக இருந்தால், அத்தையோடு பேராதனைக்குப் போகிற அன்றைக்கே உங்கள் வாயையும் காட்டிவிட்டு வாருங்கள்.